கணக்கு வேறு, காட்சி வேறு!

ஒரே கட்டணம். மூன்று தொகை!

இப்படியும் நடக்குமா? நடந்தது. நானே பார்த்தேன்.

என் அக்கா மகள் பிளஸ்-டூ பாஸ் செய்தாள். ஒரு கல்லூரியில் சேர விண்ணப்பம் போட வேண்டும். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில்தானே? என்னிடம் வந்தாள். இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம்.

கல்லூரியின் இணையதளத்தில், முதல் பக்கத்திலேயே "விண்ணப்பக் கட்டணம் ரூ.500" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெயர், ஊர், மார்க்கு எல்லாம் நிரப்பினோம். பணம் கட்டும் பக்கம் வந்தது. அங்கே ரூ.600 என்று இருந்தது! திகைத்துப் போனோம். "உதவி" என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே ரூ.450!

"மாமா, இதில் எது நிஜம்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. 600 ரூபாய் கட்டினோம். மறுநாள் கல்லூரிக்குப் போன் செய்தேன். பேசியவர் நல்ல மனிதர்.

"சார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் 450. போன வருஷம் 500. இந்த வருஷம் 600. எல்லாப் பக்கத்திலும் மாற்றச் சொன்னோம். இரண்டு பக்கத்தை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது" என்றார்.

"விட்டுவிட்டார்கள்!"

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்களிடம் 600 ரூபாய் இருந்தது, கட்டினோம். கையில் 500 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு, கிராமத்திலிருந்து பஸ் ஏறி, டவுனில் உள்ள பிரவுசிங் சென்டருக்கு வந்த ஒரு தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். அன்று கடைசி நாள் என்றால், அந்தப் பெண்ணின் கதி என்ன?

உப்புப் போடுவது யார்?

ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம்.

சமையல்கட்டில் சமையல்காரர் இருக்கிறார். சாம்பாருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்பது அவர் பொறுப்பு. பந்தியில் பரிமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இலையில் எது எங்கே வைப்பது, யாருக்கு முதலில் போடுவது என்பது அவர்கள் பொறுப்பு.

பரிமாறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்பை மடியில் கட்டிக்கொண்டு, தங்களுக்குத் தோன்றியபடி சாம்பாரில் போட்டால் என்ன ஆகும்? முதல் பந்தியில் உப்புக் கரிக்கும். இரண்டாம் பந்தியில் சப்பென்று இருக்கும். சமையல்காரருக்கு ஒன்றும் தெரியாது. திட்டு மட்டும் அவருக்குக் கிடைக்கும்!

இணையதளமும் இப்படித்தான்.

வரி கட்ட, டிக்கெட் எடுக்க, பென்ஷனுக்கு மனுப் போட என்று பல வேலைகளை ஒரே இடத்தில் முடித்துத் தரும் இணையதளத்தை "போர்ட்டல்" என்கிறார்கள். வாசல் என்று பொருள். அந்த வாசலுக்குப் பின்னால் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, கணக்கு. கட்டணம் எவ்வளவு? யாருக்குச் சலுகை? கடைசித் தேதி எது? இந்த மனு செல்லுமா, செல்லாதா? இவற்றைத் தீர்மானிப்பது. கம்ப்யூட்டர்காரர்கள் இதை "பிசினஸ் லாஜிக்" என்பார்கள்.

மற்றொன்று, காட்சி. தீர்மானித்ததை நம் கண்ணுக்குக் காட்டுவது. எழுத்து பெரிதா, சிறிதா? நிறம் என்ன? பட்டன் எங்கே? தமிழிலா, ஆங்கிலத்திலா? இதற்கு "பிரசென்டேஷன்" என்று பெயர்.

இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. கணக்கு ஓர் இடத்தில் இருக்க வேண்டும். காட்சி, அந்த இடத்தில் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இது கம்ப்யூட்டர்காரர்களின் வீட்டுச் சண்டை. நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். கலந்தால் நஷ்டம் அவர்களுக்கு அல்ல, நமக்குத்தான்.

கலப்படம் எப்படி வந்தது?

1989-ம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள "செர்ன்" ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் வேலை பார்த்தார். விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளை ஒருவருக்கொருவர் படிக்க வசதியாக ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதுதான் இன்றைய "வெப்". அப்போது பக்கம் என்றால் வெறும் பக்கம்தான். படிக்கலாம். அதில் கணக்கு எதுவும் இல்லை. அதனால் கலப்படமும் இல்லை.

பிறகு கடைகள் வந்தன. பாங்குகள் வந்தன. பக்கம் கணக்குப் போட வேண்டியதாயிற்று.

1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் "பி.எச்.பி." என்ற கருவியை வெளியிட்டார். தம்முடைய சொந்தப் பக்கத்தை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக அவர் தொடங்கிய சிறு வேலை அது! பக்கத்தின் நடுவிலேயே கணக்கையும் எழுதிவிடலாம். எவ்வளவு சுலபம்! உலகமே பிடித்துக்கொண்டது. மற்றக் கம்பெனிகளும் இதே மாதிரிக் கருவிகளைக் கொண்டுவந்தன.

கருவியின் மேல் குற்றம் இல்லை. அரிவாள்மணையில் காயும் நறுக்கலாம், கையையும் நறுக்கிக்கொள்ளலாம். அவசர வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? நிறம் எழுதிய வரிக்கு அடுத்த வரியில் வரி விகிதத்தை எழுதினார்கள். அதற்கு அடுத்த வரியில் சலுகை விதியை எழுதினார்கள். ஒரு பக்கத்தில் எழுதியதைப் பிரதி எடுத்து, இன்னும் பத்துப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். விதி மாறும் நாளில்தான் வினை!

விதி மாறிய நாள்

நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 10-ந் தேதி கவுகாத்தியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. 170-க்கும் மேற்பட்ட வகைப் பொருள்களுக்கு வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. நவம்பர் 15-ந் தேதி அமுலுக்கு வந்தது. நடுவில் ஐந்தே நாள்!

2025 செப்டம்பரில் இன்னும் பெரிய மாற்றம். 3-ந் தேதி முடிவு. 22-ந் தேதி அமுல். 12 சதவீதம், 28 சதவீதம் என்ற படிகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற படிகளுக்கு இறங்கி வந்தன.

இரண்டு கடைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் இன்டர்நெட்டில் வியாபாரம் செய்கின்றன.

முதல் கடையில், வரி விகிதம் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. பொருள் பக்கத்தில் ஒன்று, கூடைப் பக்கத்தில் ஒன்று, பில்லில் ஒன்று, வாடிக்கையாளருக்குப் போகும் ஈமெயிலில் ஒன்று. புரோகிராம் எழுதுகிறவர் இரவு முழுவதும் தேடித் தேடி மாற்றுகிறார். ஒன்றை விட்டுவிட்டால் போச்சு! பக்கத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை.

இரண்டாவது கடையில், வரிப் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் அங்கே போய்க் கேட்கின்றன. பட்டியலில் எண்ணை மாற்றினார்கள். பக்கங்களைத் தொடவே இல்லை. வேலை முடிந்தது!

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நவம்பர் 14-ந் தேதி விற்ற பொருளுக்குப் பழைய வரி. 15-ந் தேதி விற்றதற்குப் புதிய வரி. பழைய பில்லை ஆறு மாதம் கழித்து மறுபடி அச்செடுத்தாலும் அதில் பழைய வரிதான் இருக்க வேண்டும். ஆகவே, எண்ணோடு தேதியையும் சேர்த்து வைக்க வேண்டும். அச்சடிக்கும் பக்கத்துக்கு இந்தச் சங்கதி தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கணக்குக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு நார்வேக்காரர்கள்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த உண்மை அல்ல.

நார்வே நாட்டைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக் என்பவர், 1978-79-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். கப்பல் கட்டும் தொழிலுக்குக் கம்ப்யூட்டர் திட்டங்கள் எழுதிப் பழகியவர் அவர். கப்பல் கட்டுவதில் ஒரே விவரத்தை மானேஜர் ஒரு விதமாகப் பார்க்க விரும்புவார். பட்டறைக்காரர் வேறு விதமாகப் பார்க்க விரும்புவார். விவரம் ஒன்று, பார்வை பல.

ஆகவே, 1979-ல் அவர் வேலையை மூன்றாகப் பிரித்தார். விவரமும் அதன் விதியும் "மாடல்". பார்க்கிற பார்வை "வியூ". மனிதர் தட்டுகிற கட்டளையை வாங்கிக் கொடுப்பது "கன்ட்ரோலர்". வெப் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன யோசனை இது! இன்றைக்கும் கம்ப்யூட்டர் வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்னொருவர் ஹாக்கோன் வியூம் லீ. அவரும் நார்வேக்காரர்தான். 1994 அக்டோபரில், அதே செர்ன் நிலையத்தில் இருந்தபோது ஒரு யோசனை சொன்னார். "பக்கத்தில் இருக்கும் செய்தி தனி. அதற்குப் போடும் அலங்காரம் தனி. அலங்காரத்தை வேறு தாளில் எழுதுவோம்" என்பது அதன் சாரம். அதுதான் "சி.எஸ்.எஸ்." என்ற அலங்காரத் தாள். பெர்ட் போஸ் என்ற டச்சுக்காரரும் சேர்ந்து உழைத்தார். 1996 டிசம்பரில் அது முறைப்படி வெளியாயிற்று.

அதன் சக்தியை 2003-ல் டேவ் ஷே என்ற கனடாக்காரர் எல்லோருக்கும் காட்டினார். ஒரே ஒரு பக்கத்தை வைத்தார். "இதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. அலங்காரத் தாளை மட்டும் மாற்றுங்கள்" என்று கலைஞர்களை அழைத்தார். வந்து குவிந்தன அலங்காரங்கள்! ஒன்று கடற்கரை போல இருந்தது. ஒன்று பழைய புத்தகம் போல இருந்தது. செய்தி ஒன்றேதான். பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை.

பத்திரிகை ஆபீசில் பிறந்தது

அடுத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்றால், அது ஒரு பத்திரிகை ஆபீசில் நடந்தது!

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே "லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு" என்று ஒரு நாளிதழ். அதன் இணையதளத்தை ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு இளைஞர்கள் கவனித்து வந்தார்கள்.

பத்திரிகை வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். "நாளை வேண்டும்" என்று சொல்ல மாட்டார்கள். "இப்போதே வேண்டும்" என்பார்கள். அவர்களுக்கும் அப்படித்தான். புதிதாக ஒரு பகுதியைச் சில மணி நேரத்தில் அமைத்துத் தர வேண்டும்.

2003-ல் அவர்கள் "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு மாறினார்கள். அடிக்கடி செய்கிற வேலைகளை எல்லாம் சேர்த்து ஒரு சட்டகமாகக் கட்டினார்கள். 2005 ஜூலையில் அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் பெயர் "ஜாங்கோ". தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கியும் கித்தார் வாசித்துப் புகழ் பெற்ற ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற இசைக் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அதில் என்ன விசேஷம்? பக்கத்தை அமைக்க அவர்கள் ஒரு "டெம்ப்ளேட்" முறை வைத்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில் "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று வருமே, அதைப் போல! "அன்புள்ள ______, நீங்கள் கட்ட வேண்டிய தொகை ______" என்று பக்கம் இருக்கும். கோடிட்ட இடத்தில் என்ன வரும் என்பதைக் கணக்கு சொல்லும்.

அந்த டெம்ப்ளேட்டுக்குள் பைத்தான் மொழியை நேராக எழுத முடியாது. முடியாமல் போய்விடவில்லை. வேண்டுமென்றே முடியாதபடி செய்தார்கள்! பக்கம் என்பது காட்டுவதற்கு. கணக்குப் போடுவதற்கு அல்ல என்பது அவர்கள் கொள்கை.

இதனால் என்ன லாபம்? பக்கத்தை அழகு செய்கிற டிசைனர், கணக்கு கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லாமல் வேலை செய்யலாம். கணக்கு எழுதுகிற புரோகிராமர், பக்கம் கோணிவிடுமோ என்ற கவலை இல்லாமல் வேலை செய்யலாம். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டியது இல்லை. அவசரத்துக்கு நடுவில் பிறந்த கருவி கட்டுப்பாட்டைத்தான் தேர்ந்தெடுத்தது! "அவசரம், அதனால் கலந்துவிட்டோம்" என்று சாக்குச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"வயது என்ன?" என்று கேட்கக் கூடாது

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டெரன்ஸ் பார் என்பவர் இன்னும் கண்டிப்பானவர். 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார். பக்கம் எதையும் கூட்டக் கூடாது, கழிக்கக் கூடாது, ஒப்பிட்டும் பார்க்கக் கூடாது என்றார். கணக்கும் பதிலுக்கு, நிறத்தையோ எழுத்தின் அளவையோ சொல்லி அனுப்பக் கூடாது என்றார்.

ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தவறு? கேளுங்கள்.

முதியவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. "வயது 60-க்கு மேலா?" என்று பக்கம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அரசாங்கம் 58 என்று மாற்றுகிறது. அல்லது பெண்களுக்கு 58, ஆண்களுக்கு 60 என்கிறது. இந்தக் கேள்வி எழுதியிருக்கும் பக்கங்களை எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டால், அங்கே ஒரு பாட்டிக்குச் சலுகை இல்லை!

பக்கம் எப்படிக் கேட்க வேண்டும்? "இவருக்குச் சலுகை உண்டா?" என்று மட்டும் கேட்க வேண்டும். உண்டு, இல்லை என்று கணக்கு சொல்லும். ஏன் உண்டு என்பது பக்கத்துக்கு வேண்டாத விஷயம்.

இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

திருடனுக்குத் திறந்த கதவு

கலப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. அது திருட்டு!

இணையப் பக்கம் நம்முடைய போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ வந்து சேர்ந்துவிட்டால், அது நம் கையில் இருக்கிற காகிதம் மாதிரி. விஷயம் தெரிந்தவன் அதைத் திருத்தலாம்.

பழைய நாளில் சில கடைகள், பொருளின் விலையைப் பக்கத்துக்குள்ளேயே மறைத்து வைத்தன. பட்டனை அழுத்தினால், அந்த விலை கடையின் கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போகும். கடையும் அதை அப்படியே நம்பிவிடும். ஒருவன் 1,000 ரூபாயை 10 ரூபாய் என்று திருத்தி அனுப்பினால்? 10 ரூபாய்க்குச் சரக்கு போய்விடும்! கடைகள் வாங்கி உபயோகித்த பல புரோகிராம்களில் இந்த ஓட்டை இருப்பது 2000-ம் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வந்தது.

விலையைச் சொல்ல வேண்டியது யார்? கடைக்காரர். வாங்குகிறவர் கொண்டுவருகிற சீட்டு அல்ல. "இந்தப் பொருள் வேண்டும்" என்று மட்டும்தான் பக்கம் சொல்லலாம். விலையைக் கடையின் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் பார்த்துத் தானே போட வேண்டும்.

தமிழில் வேண்டுமா?

இப்போது நமக்கு மிகவும் நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

பல இணையதளங்களில் "தமிழ்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திப் பாருங்கள். தலைப்பு தமிழில் வரும். கட்டங்களின் பெயர் தமிழில் வரும். தப்பாக எதையாவது நிரப்பினால், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். ஆங்கிலத்தில்! எந்த இடத்தில் நமக்கு உதவி வேண்டுமோ, அந்த இடத்தில் தமிழ் காணாமல் போய்விடும்.

ஏன்? பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த ஆங்கில வாக்கியத்தைக் கணக்குக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவருக்குப் பக்கத்தைத்தான் கொடுத்தார்கள். கணக்குக்குள் கிடந்த வாக்கியம் அவர் கண்ணில் படவே இல்லை.

கணக்கு வாக்கியம் பேசக் கூடாது. "தேதி கடந்துவிட்டது" என்பதற்கு ஓர் அடையாளத்தை மட்டும் அது அனுப்ப வேண்டும். அதைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா, கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும்படி சொல்வதா என்பதைக் காட்சி பார்த்துக்கொள்ளும்.

எண்களும் இப்படித்தான். ஒன்றரை லட்சத்தை நாம் 1,50,000 என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் 150,000 என்று எழுதுவார்கள். தொகை ஒன்றே, புள்ளி போடுகிற இடம் வேறு. கணக்கு, புள்ளி இல்லாத எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். காட்சி, பார்க்கிறவருக்கு ஏற்றபடி புள்ளி போட்டுக் காட்ட வேண்டும்.

பிரித்து வைத்தவர்களுக்குத் தமிழ்ப் பக்கம் சேர்ப்பது இன்னொரு இலை போடுவது மாதிரி. கலந்து வைத்தவர்களுக்கு அது மறுபடி சமைப்பது மாதிரி. ஆகவே, "தமிழ் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

எதிர்வாதம் என்ன?

எதிர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"ஒரு பக்கம் உள்ள குட்டி இணையதளத்துக்கு இவ்வளவு பிரிவினை எதற்கு?" என்கிறார்கள். சரிதான். இரண்டு பேருக்குச் சமைக்கத் தனிச் சமையல்காரர் வேண்டாம். ஆனால், மக்கள் பணம் கட்டுகிற போர்ட்டல் இரண்டு பேருக்குச் சமைக்கிற இடம் அல்ல. அது கல்யாணப் பந்தி.

"பிரித்துவிட்டால், திரையில் ஒரு வரி சேர்க்க நாலு இடத்தைத் தொட வேண்டியிருக்கிறது" என்கிறார்கள். உண்மை. முதலில் வேலை அதிகம்தான். ஆனால், அந்தச் சிரமம் எழுதுகிறவருக்கு ஒரு தடவை. கலப்பதால் வரும் சிரமம், உபயோகிக்கிற ஆயிரம் பேருக்கு ஆயிரம் தடவை!

"பக்கத்துக்கு மூளையே வேண்டாமா? போன் நம்பரில் ஒன்பது எண்தான் இருக்கிறது என்று உடனே சொன்னால் நல்லதுதானே?" என்கிறார்கள். நல்லதுதான். அது வாசலில் நிற்பவர் சொல்லும் உதவி. தீர்ப்பு அல்ல. வாசலில் சொன்னாலும், உள்ளே ஒரு தடவை சரிபார்த்தே தீர வேண்டும்.

எது கணக்கு, எது காட்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. திரையே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த விதி இருக்குமா? "முதியவருக்குச் சலுகை" என்பது திரை இல்லாவிட்டாலும் இருக்கும். ஆகவே, அது கணக்கு. "சலுகையைப் பச்சை எழுத்தில் காட்டு" என்பது திரை இல்லாவிட்டால் இருக்காது. ஆகவே, அது காட்சி.

மூன்று கேள்விகள்

போர்ட்டல் அமைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. கல்லூரி நிர்வாகி, கூட்டுறவுச் சங்கத் தலைவர், கடை முதலாளி. அவர்களுக்கு அழகான பக்கத்தைக் காட்டுகிறார்கள். அவர்களும் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வீடு வாங்கப் போனவர் சுண்ணாம்பு அடித்ததை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதைதான்!

அவர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: "நாளைக்குக் கட்டணத்தை மாற்றினால், எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்?" ஒன்று என்று பதில் வர வேண்டும்.

இரண்டு: "பக்கத்தின் நிறத்தை மாற்றினால், கணக்கு கெடாது என்று உறுதி சொல்வீர்களா?" தயக்கம் இல்லாமல் "சொல்வோம்" என்று பதில் வர வேண்டும்.

மூன்று: "திரையே இல்லாமல், விதிகளை மட்டும் சோதித்துக் காட்ட முடியுமா?" முடியும் என்று சொன்னால் போதாது. காட்ட வேண்டும். "59 வயதுக்காரர், 60 வயதுக்காரர், கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தவர்" என்று வரிசையாகக் கொடுத்து விடையைப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். கணக்குப் பிள்ளையிடம் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற புத்தி போதும்.

கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரையில் தெரிவதைச் சத்தியம் என்று நம்புகிறார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அவசரத்தில் ஒரு பக்கத்தில் ஒரு தொகையை எழுதும்போது, அடுத்த வருஷம் அதைத் திருத்த யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வைத்திருக்க மாட்டார்கள். ஞாபகத்தை நம்பி விதியை வைக்கக் கூடாது.

என் அக்கா மகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் எடுத்திருக்கும் பாடம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர்!

"நான் எழுதும்போது, கட்டணத்தை ஒரே இடத்தில்தான் வைப்பேன் மாமா" என்றாள்.

அந்தக் கல்லூரியின் இணையதளத்தை நேற்று மறுபடியும் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். ரூ.600 என்று இருக்கிறது.

"உதவி" பக்கத்தில் இன்னும் 450தான்!